நாலாம் பக்கத்தில் நீ இல்லை

பெப்ரவரி 18. காலை 5.50. விண்ணப்பம் ஏழு பக்கம், இணைப்புகள் ஐந்து, பொய் ஒன்று. நேர்முகத்துக்கு இன்னும் இருபத்தேழு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இருக்கின்றன.

மேசையில் பிரதிகள் கிடக்கின்றன, மச்சான். கையில் மூன்று பிரதி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் கடையில் எடுத்தேன். அறை முழுக்கப் போட்டோக்கொப்பி மணம். நாலு வருசம் கம்பஸில் எனக்குப் பழகின மணம் இதுதான். நீ விரிவுரையில் குந்தியிருந்து ஒரு சொல் விடாமல் எழுதுவாய், நான் பரீட்சைக்கு முதல் கிழமை உன் கொப்பியை வாங்கிப் போய்ப் பிரதி எடுப்பேன். சூடாக வரும் தாளை நீ மூக்கில் வைத்து மணந்துபோட்டு, பேக்கரிப் பாண் மாதிரி இருக்கு என்பாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. இன்றைக்கும் மணந்து பார்த்தேன். பாண் மாதிரி இல்லை.

விசயத்துக்கு வருகிறேன். நேர்முகம் ஒரு தனியார் வைத்தியசாலையில். பட்டதாரித் தாதி. ஒரு வருசம் வாட்டு வாட்டாகப் பயிற்சி, பிறகு நிரந்தரம். இப்போது ஓர்ஸ் ஹில்லில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிறேன். பதினாலு மாதம். ஊசி, குழாய், லேபல், அடுத்த ஆள். ஒருவரையும் இரண்டாம் தரம் காண்பதில்லை. அவருக்குச் சுகம் வந்ததோ இல்லையோ என்பதும் தெரியாது. இதற்கு நாலு வருசப் படிப்புத் தேவையில்லை. அந்தத் தாதி வேலை எனக்கு வேணும். இதை அலங்கரித்துச் சொல்ல எனக்கு ஏலாது.

விண்ணப்பத்தின் நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி. நோயாளி ஒருவரின் நிலை மோசமாவதை நீங்கள் கண்டுபிடித்த சந்தர்ப்பம் ஒன்றை விபரியுங்கள், இருநூறு சொல்லுக்கு மேற்படாமல். எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஏழாம் கட்டில். முதலில் நடந்தபடியே எழுதினேன், சத்தியமாக. முந்நூற்று நாற்பது சொல் வந்தது. வெட்டத் தொடங்கினேன். கிழமையை வெட்டினேன், காலநிலையை வெட்டினேன், என் பிழையை வெட்டினேன். கடைசியில் இருநூறு சொல்லுக்குள் இரண்டு ஆளுக்கு இடமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு உன்னை வெட்டினேன். நீ இல்லாமல் போனதும் அந்த முப்பத்தி நாலு மூச்சை எண்ணினதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் இருந்தேன். கையெழுத்து வைத்து அனுப்பியும்விட்டேன். அழைப்புக் கடிதம் மூன்று கிழமையில் வந்தது.

நேற்று மாலை அக்கா எனக்கு ஒத்திகை வைத்தா. உனக்குத் தெரியும், அவ மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை; எத்தனையோ நேர்முகங்களுக்குக் கதிரை அடுக்கி, ஓரத்தில் இருந்து குறிப்பும் எழுதினவ. சாப்பாட்டு மேசைக்கு அங்கால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து, என்னைக் குசினிக் கதவால் வெளியே போய்த் திரும்பி உள்ளே வரச் சொன்னா. மூன்று தரம் அனுப்பினா. சண்டைக்கு வாற ஆள் மாதிரி வராதையுங்கோ என்றா. கேள்வி முடிய முன்னம் மறுமொழி சொல்லாதையுங்கோ என்றா. இவ்வளவும் நீங்கள், வாங்கோ, இருங்கோ என்ற பெரிய மரியாதையோடு. என்னுடைய பலவீனம் என்ன என்று கேட்டதற்குப் பொறுமை இல்லை என்றேன். "அதை ஏன் ஐயா, பரிசு வாங்கினமாதிரிச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டா. நீ இருந்திருந்தால் குசினிக்குள் நின்று சிரித்திருப்பாய்.

பிறகு நாலாம் பக்கக் கேள்வி. நான் நல்லாச் சொன்னேன், மச்சான். இரண்டு நிமிடம், தடக்கல் இல்லை. மூச்சை எண்ணினேன், முப்பத்தி நாலு, உடனே பொறுப்புச் சிஸ்டருக்கு அறிவித்தேன், நோயாளி தப்பினார். கையைக்கூட அளவாகத்தான் ஆட்டினேன். சொல்லி முடிய அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. அந்த 'நீங்கள்' மரியாதை போய்விட்டது.

"டேய், அண்டைக்கு இருபது எண்டு எழுதினது நீயெல்லோ?"

நீதான் அவவுக்குச் சொல்லியிருக்கிறாய். எங்கள் வீட்டில் மீன் குழம்பைப் பிசைந்தபடி, உங்கட தம்பியிட வாட்டில எல்லாருக்கும் இருபதுதான் அக்கா, செத்தவனுக்கும் இருபது போடுவான் என்று பகிடி விட்டிருக்கிறாய். எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. அவவுக்கு என்ன குழம்பு என்பதுவரை ஞாபகம்.

மூன்றாம் வருசம். மருத்துவ வாட்டு, இருபத்திநாலு கட்டில். ஒன்றிலிருந்து பன்னிரண்டு எனக்கு, மிச்சம் உனக்கு. பத்து மணி அளவீடு. சூடு, பிரசர், நாடி எல்லாம் நான் ஒழுங்காகத்தான் எடுத்தேன், அவற்றுக்கு மெசின் இருந்தது. மூச்சுக்கு மட்டும் மெசின் இல்லை. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நிற்கவேணும். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் அவர் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பிடிக்கிற மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேணும். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம். யாரும் நிற்பதில்லை. நானும் நிற்கவில்லை. என் பன்னிரண்டு பேரும் நிமிடத்துக்கு இருபது தரம் மூச்சு விட்டார்கள், பாடசாலை பாண்ட் வாத்தியம் மாதிரி ஒரே தாளத்தில். அவசரமான வேலை ஒன்றும் எனக்கு இருக்கவில்லை. அதுதான் வெட்கம்.

ஏழாம் கட்டிலில் திரியாயில் இருந்து வந்த மீன்பிடிக்கிற ஐயா. சளிக்காய்ச்சல், மூன்றாம் நாள். முதல் நாள் அவர் வேறு கட்டிலில், உன் பக்கம் இருந்தவர். நீ கையை விடாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, தம்பி கைரேகை பாக்கிறியோ, எப்ப வீட்ட போவன் எண்டு சொல்லு என்று கேட்டாராம். நாளைக்குப் போவீங்கள் எண்டு ரேகை சொல்லுது ஐயா, டொக்டர்தான் ஒத்துக்கொள்ளுறாரில்லை என்று நீ சொன்னாயாம். அதிலிருந்து உன்னைக் கண்டால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

அன்றைக்கு நீ உன் பக்கத்தை முடித்துவிட்டு அவர் கட்டிலைத் தாண்டிப் போனாய். அவர் கையை விரிக்கவில்லை. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி முன்னுக்குச் சாய்ந்து இருந்தார். பெஞ்சாதி ஏதோ கேட்க இரண்டு சொல் சொன்னார், நிப்பாட்டினார், இன்னும் இரண்டு சொல் சொன்னார். நீ நின்றாய். கையைப் பிடித்தாய். பிறகு சார்ட்டைப் பார்த்தாய்: இருபது, கீழே என் கையொப்பம்.

நான் கடைசிக் கட்டிலடியில் நின்று கைக்குக் கிருமிநீக்கி பூசிக்கொண்டிருந்தேன். நீ கத்தவில்லை. கிட்ட வந்து, "மச்சான், வந்து நீயே எண்ணு" என்றாய். வந்தேன். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கப் போனேன். முழு நிமிசம் என்றாய். நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிடத்தை நான் கண்டதில்லை. முப்பத்தி நாலு.

பொறுப்புச் சிஸ்டரிடம் நீதான் கதைத்தாய். இதை நேற்று இரவு படுத்திருந்து திருப்பித் திருப்பி நினைத்தேன். நீ சொன்னது இதுதான்: "பத்து மணிக்கு நாங்கள் சரியா எண்ணேல்ல, சிஸ்டர். இப்ப எண்ணினம். முப்பத்தி நாலு." நீ உன் பன்னிரண்டு பேரையும் எண்ணியிருந்தாய். ஒரு பிழையும் இல்லாத நீ என் பிழைக்குள் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாய்.

டொக்டர் ஓடிவந்தார், ஒக்சிஜன் போட்டார்கள், அவசர வாட்டுக்கு மாற்றினார்கள். ஐயா பிழைத்தார். சிஸ்டர் எங்கள் இரண்டு பேருக்கும் தந்த தண்டனை, மிச்சமிருந்த இருபத்திமூன்று கட்டிலையும் திரும்ப எண்ணுவது, ஒன்றாக, முழு நிமிடம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். சரியாக இருபது வந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவரைக் கண்டதும் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு மட்டும் நீ பொய் எழுதேல்ல மச்சான் என்றாய்.

அன்றைக்கு உன் மூதூர் பஸ்ஸைத் தவறவிட்டோம். அடுத்த பஸ் வருமட்டும் பஸ் நிலையத்தில் இருந்தோம். யாரோ வைத்த சாப்பாட்டுப் பார்சலை, அங்கே சுற்றித் திரியும் மான்களில் ஒன்று இழுத்துக்கொண்டு போனது, அந்த ஆள் பின்னால் ஓடினார், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ எனக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. நீ பஸ் ஏறும்போது மட்டும், "மற்றதுக்கெல்லாம் மெசின் இருக்கு. மூச்சுக்கு மனிசன்தான் நிக்கணும்" என்றாய். அதைக்கூட இடம் பிடிக்க ஓடிக்கொண்டே சொன்னாய்.

நீ போய் இரண்டு வருசம். அறுவடைக்கு வாப்பாவோடு வயலில் இறங்கினாய். காய்ச்சல், கால் உளைவு. வேலை அலுப்பு என்று நினைத்தாய். எலிக்காய்ச்சல் என்று கண்டபோது பிந்திவிட்டது. ஊரார் மூச்சை முழு நிமிடம் நின்று எண்ணிய நீ, உனக்கு அரை நிமிடம்கூட ஒதுக்கவில்லை. இதற்காக ஒரு வருசம் உன்னோடு கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. இப்போது உன்னை நினைத்தால் அந்த மான்தான் முதலில் வருகிறது.

நேற்று அக்காவிடம், இதெல்லாம் அவர்களுக்குத் தெரியவா போகுது என்று கேட்டேன். அவ எழும்பித் துணியை எடுத்தா. மேசையைத் துடைத்தா. பிறகு சொன்னா: "தெரியாது. சொன்னா வேலை கிடைக்காமலும் போகும், அதையும் யோசி. ஆனா வேலை கிடைச்சா, நாளைக்கு அந்த வாட்டில நிக்கப்போறது நீ. அவன் வந்து எண்ணித் தரமாட்டான்."

காலை நாலரைக்கு எழும்பி நாலாம் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொல். இரண்டு ஆளுக்கும் இடம் இருக்கிறது, மச்சான். மிகுந்த அர்ப்பணிப்புடன் என்றதை எடுத்தேன், சிறந்த தொடர்பாடல் திறனுடன் என்றதை எடுத்தேன். இடம் வந்துவிட்டது. இருபது என்று எழுதினது நான். முப்பத்தி நாலு என்று கண்டது நீ. அதற்குப் பிறகு எஞ்சின ஒரு வருசப் பயிற்சியிலும் நான் ஒருவருக்கும் எண்ணாமல் எழுதவில்லை. இதுவும் உண்மை, இதையும் போட்டேன். வாசித்துப் பார்த்தேன். பழைய பக்கத்தில் இருந்தவனைவிட இதில் இருப்பவனுக்கு ஒரு நோயாளியை நம்பிக் கொடுக்கலாம் போல இருந்தது. நெஞ்சு இலேசாக இருக்கிறது. பசிக்கவும் செய்கிறது. ஜன்னலால் பார்த்தால் உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் கிடக்கிறது, தண்ணீர் இப்போதுதான் நிறம் மாறுகிறது.

பஸ்ஸில் முன்னால் நித்திரை கொள்கிறவரின் தோளைப் பார்த்து எண்ணுகிற பழக்கம் எனக்கு இப்போதும் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, எங்கும் எழுதுவதுமில்லை. பெரும்பாலும் பதினாலு, பதினாறு. எண்ணி முடித்தால் ஒரு நிம்மதி.

ஒன்றே ஒன்று மிச்சம். நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு உன் ஊர் தோப்பூருக்கு வந்தபோது உன் உம்மா என் பக்கத்தில் வந்து இருந்து, "மகன், அங்க ஆஸ்பத்திரியில இவன் எப்பிடி?" என்று கேட்டா. நல்லா இருந்தவன் உம்மா என்று சொல்லிவிட்டு நாலு மணிப் பஸ்ஸுக்கு எழும்பி வந்தனான். அந்த ஒரு சொல்லைக் கேட்கவா அவ சுற்றியிருந்த பெண்களை விலக்கிக்கொண்டு வந்து இருந்தா?

இனிச் செய்யப்போவது:

1. எட்டரைக்கு அந்த வைத்தியசாலை அலுவலகத்துக்குப் போன் எடுப்பது. நாலாம் பக்கத்தில் பிழை இருக்கிறது, மாற்றித் தரலாமோ என்று கேட்பது. எழுத்துப்பிழையோ என்று கேட்டால், இல்லை என்று சொல்வது.

2. ஓம் என்றால் இன்றைக்கே கொண்டுபோய்க் கையில் கொடுப்பது. ஏலாது என்றால் நாளைக்கு அவர்கள் முதல் கேள்வியைக் கேட்க முன்னம் சொல்வது.

3. சொல்லும்போது உன் பெயரையும் ஊரையும் சொல்வது. நண்பர் ஒருவர் என்று சொல்லித் தப்பாமல் இருப்பது.

4. முடி வெட்டுவது. சப்பாத்துக்குப் பொலிஷ். அக்காவிடம் இன்னும் ஒரு தரம் குசினிக் கதவால் வருவது.

5. அவர்கள் வேண்டாம் என்றால், ஆய்வுகூடத்துக்குத் திரும்பிப் போய் அடுத்த விண்ணப்பத்தை எழுதுவது. இந்தப் பக்கத்தை மாற்றாமல்.

6. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வருகிற ஞாயிறு தோப்பூருக்குப் போவது. உம்மாவுக்கு ஏழாம் கட்டிலைப் பற்றி, உள்ளங்கையில் இருந்து தொடங்கிச் சொல்வது. அவ இடையில் மறித்துக் கேட்கிற எல்லாவற்றுக்கும் மறுமொழி சொல்லிவிட்டு, அவ போதும் என்ற பிறகு எழும்புவது.