பதினேழாம் எண் காதுக்காரன்

என்மேல் ஒரு கோபத்தோடு போய்ச்சேர்ந்த என் அன்பு அக்காவுக்கு,

பூமியில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று காவிரித் தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டாம். கேட்டால் போதும்.

நேற்று உன் மகள் செல்வியின் கல்லூரியில் விழா. பிள்ளைகள் தாங்களே ஆராய்ந்ததையும் எழுதியதையும் செய்ததையும் ஊருக்குக் காட்டும் நாள். பத்து லட்சம் பேர் கூடியிருந்தோம். ஒருத்தி சோப்புக் கட்டியில் மேட்டூர் அணையைச் செதுக்கியிருந்தாள்; மதகு திறந்ததும் பவானி வரைக்கும் வெளுத்துவிட்டது. இன்னொருத்தியின் கவிதையைப் படித்த வாட்ச்மேன் சாவிக்கொத்தை வீசிவிட்டுச் சந்நியாசம் போனார்.

நம் செல்வி என்ன செய்தாள் தெரியுமா? போன கோடையில் என்னையும் சேர்த்துக் குமாரபாளையத்து விசைத்தறிக்காரர்கள் நாற்பது பேரின் காதைச் சோதித்தாள். மெல்லிய குரலில் அவள் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும், நாங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் எல்லாக் காதும் பிரமாதம். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிய கூட்டம் நாம். அடுத்த சுற்றில் முதுகுப் பக்கம் நின்று சொன்னாள். பல பேர் ஐயனார் கோயில் குதிரை மாதிரி அசையாமல் நின்றோம்.

யார் பெயரையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவருக்கும் சத்தியம் செய்து, எண் மட்டும் போட்டு, இருபது பக்கம் டைப் அடித்து, நோட்டாகத் தைத்துக் கொண்டுபோய் வைத்தாள்.

வினை நடுவராக வந்த பேராசிரியர் உருவத்தில் வந்தது. கூட்டத்தில் நின்ற நம் தறிக்காரர்களைப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் எங்கிட்ட நல்லாத்தானேம்மா பேசறாங்க? காது கேக்காதவர் ஒருத்தரையாவது காட்டு."

"பேரச் சொல்றதில்லீன்னு வாக்குக் குடுத்திருக்கேனுங்க சார்."

"அப்ப இதை நான் எப்படி நம்பறது?"

நோட்டை மூடினார். செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை, அக்கா. திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் முதலாளி நாலடி தள்ளி நின்றார். தறி ஓடும் சத்தத்தைக் கேட்டே பழுது சொல்லும் மேஸ்திரி என்றுதான் எனக்கு இந்த ஜில்லாவில் பேர். நான் தறிமேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் படிக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"பதினேழாம் எண் நானுங்க," என்றேன்.

பேராசிரியர் சிரித்தார். "நீங்களா? அரை மணி நேரமா எங்கிட்டக் கதை அளந்தீங்களே."

"உங்க உதடு நல்லாப் பேசுதுங்க சார்."

"திரும்பி நில்லுங்க. கூப்பிட்டாக் கையத் தூக்குங்க."

திரும்பினேன். எதிரே கண்ணாடி பீரோ. அதில் பேராசிரியரின் உதடுகள் பளிச்சென்று தெரிந்தன. கையைத் தூக்கினால் என் மேஸ்திரி வேலை பிழைக்கும், அவள் இருபது பக்கம் பொய்யாகும். முதலாளியின் வெள்ளைச் சட்டையும் அதே கண்ணாடியில் தெரிந்தது. உதடு அசையத் தொடங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

எத்தனை நேரம் அப்படி நின்றேனோ. தோளில் ஒரு கை பட்டது. செல்வி முன்னால் வந்து நின்றாள்.

"மூணு தடவ கூப்புட்டாருங்க மாமா."

கண்ணீர் உதடு வரைக்கும் இறங்கியதால் மீதியைப் படிக்க முடியவில்லை. சுற்றிலும் எல்லோருடைய கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. பேராசிரியர் நோட்டைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தார். முதலாளி கிளம்பிப் போய்விட்டார். இன்று ஞாயிறு. நாளைக் காலை ஷெட்டுக்குப் போனால் தெரியும்.

சரி, அளந்தது போதும். பத்து லட்சம் பேர் இல்லை. வாட்ச்மேன் இன்றும் கேட்டில்தான் இருக்கிறார். பீரோவுக்குக் கண்ணாடியே கிடையாது என்று செல்வி சொல்கிறாள், இருக்கட்டும். அளக்காமல் சொல்ல வேண்டிய சின்ன நிஜம் ஒன்று மட்டும் பாக்கி.

கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நீ கிளம்பிய அன்று, பையை ஏற்றிவிட்டு இறங்கி நடந்தேன். பஸ் ஜன்னலில் இருந்து என்னை நீ கூப்பிட்டாயாம். திரும்பாமலே போனேனாம். "அவனுக்குத் திமிரு, உடு கண்ணு" என்று செல்வியிடம் சொன்னாயாம். அவள் இதை எனக்குப் போன கோடையில்தான், சோதனை முடிந்த பிறகுதான் சொன்னாள்.

திமிர் இல்லை, அக்கா. கேட்கவில்லை.

என்ன சொல்லக் கூப்பிட்டாய்?

இனி யாரை வண்டி ஏற்றினாலும், அந்த வண்டி காவிரிப் பாலம் தாண்டும் வரைக்கும் முகத்தைப் பார்த்தபடியே நிற்பேன். இது அளப்பு இல்லை.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டுத் திரும்பாத உன் தம்பி