சின்னத் தலைக்கு ஒரு பச்சை ஹெல்மெட்

அன்புத் தோழிக்கு,

நேற்று பிரிஞ்சாங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். என் ஹெல்மெட் பழசாகிவிட்டது. கடைக்காரர் கொடுத்த புதியதைத் தலையில் மாட்டியதும் உள்ளே இருந்த பஞ்சின் வாசம் மூக்கில் ஏறியது. புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசம். சட்டென்று கண்ணாடியில் எனக்குப் பின்னால் உன்னைத் தேடினேன்.

தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாம் வேலை பார்த்த காலம் அது. தானா ராத்தாவிலிருந்து நான் தினமும் மோட்டாரில் வருவேன். ஆளும் குள்ளம், தலையும் சின்னது. அப்பா வாங்கித் தந்த ஹெல்மெட்டைப் போட்டால் காளான் முளைத்த மாதிரி இருப்பேன். ஆபீசில் ஒருவன் என்னைக் காளான் என்றே கூப்பிட ஆரம்பித்தான். அதனால் இரவுச் சந்தையில் தலையோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

நீ அதைக் கையில் வாங்கி, உள்ளே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாய். "இதுல ஒன்னுமே இல்லடி. பிளாஸ்டிக்கும் துணியுந்தான். இதுக்கு சட்டிய கவுத்துக்கிட்டுப் போலாம்."

பழையதையே போடு என்று நீயும் சொல்வாய் என எதிர்பார்த்தேன். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நீ சொல்லவில்லை. "அழகா இருக்கணும்னு நெனைக்கிறதுல என்ன தப்பு? ரெண்டும் சேந்து இருக்கறத தேடுவோம்லா."

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பழைய காரில் மலையிலிருந்து ஈப்போவுக்கு இறங்கினோம். கடை கடையாக ஏறினோம். தர முத்திரை இருந்தவை எல்லாம் பானை அளவில் இருந்தன. சின்னதாக இருந்தவற்றில் முத்திரை இல்லை. ஒன்றில் இரண்டும் இருக்கிறதென்று நான் துள்ளியபோது நீ அந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாய். அது அப்படியே உரிந்து வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாய்.

எனக்கு அலுத்துவிட்டது. நீயோ அடுத்த கடை முதலாளியிடம், இணையத்தில் தேடிப் படித்துவிட்டு வந்ததைக் கேட்டாய். "தவுக்கே, எல்லா சைசுக்கும் ஒரே ஓடா, சின்ன சைசுக்குத் தனி ஓடு இருக்கா?" பெரிய ஓட்டுக்குள் பஞ்சைத் திணித்துச் சின்ன சைஸ் என்று விற்பதால்தான் நான் காளான் ஆனேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கடைக்காரச் சீனர் "ஆடா, ஆடா", இருக்கிறது என்று மலாயில் சொல்லிக்கொண்டே உள்ளே போய் மங்கிய பச்சையில் ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே கெட்டியான நுரைப்பஞ்சு. முத்திரை உன் நகத்துக்கு அசையவில்லை. என் தலையில் வைத்து வாரை மாட்டி இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினாய். தலையும் சேர்ந்து ஆடியது. "இப்பதான் ஹீரோயின் மாதிரி இருக்க" என்றாய்.

அந்த மழைக்காலத்திலேயே விழுந்தேன். பனி மூடிய காலை, எஸ்டேட்டுக்குத் திரும்பும் வளைவு, காய்கறி லோரி சிந்திவிட்டுப் போன சேறு. மோட்டார் வழுக்கியது, தலை வடிகாலின் சிமெண்டு விளிம்பில் மோதியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த நீ முதலில் ஹெல்மெட்டைத்தான் எடுத்துப் பார்த்தாய். உள்ளே நுரைப்பஞ்சு குறுக்கே பிளந்திருந்தது. விரலை அந்தப் பிளவில் வைத்துப் பார்த்தாய். "இத இனி போடாத. இதோட வேல முடிஞ்சிருச்சு" என்றாய். மறுவாரமே அதே நிறத்தில் இன்னொன்று என் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கடியில் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எவ்வளவோ கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள். அப்புறம் உனக்கு நோய் வந்தது. மருந்தில் முடியெல்லாம் கொட்டிய பிறகு ஒருநாள், "பாக்க நல்லாவாடி இருக்கேன்?" என்று கேட்டாய். உயிர் பிழைப்பதே பெரிது, இப்போது இதெல்லாம் எதற்கு என்று பக்கத்தில் இருந்த உன் அண்ணி சொன்னார். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

நான் கடைத்தெருவுக்குப் போனேன். உறுத்தாத பருத்தியில், உனக்குப் பிடித்த கத்திரிப்பூ நிறத்தில் துணி கிடைக்க மதியம் ஆகிவிட்டது. உன் தலையில் கட்டிவிட்டு, என் கைப்பைக் கண்ணாடியைக் கொடுத்தேன். இப்படியும் அப்படியுமாகப் பார்த்தாய். "ம். இது நானு" என்றாய்.

நீ இன்று இல்லை. ஆனால் யாராவது இப்படி ஒரு சின்ன ஆசையைக் கூச்சத்தோடு சொன்னால், இப்போதெல்லாம் நான் சிரிப்பதில்லை. என் மகளிடம்கூட. என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கூடவே தேடப் போகிறேன். இது உன்னிடமிருந்து வந்தது.

அந்த வளைவிலேயே நான் செத்துப்போயிருந்தால், அன்று உனக்குத் துணி கட்டிவிட நான் இருந்திருக்கமாட்டேன். இருந்தேன். அதற்கு நன்றி.