ஒன்றரை மணி ஸ்கேன்

பந்தல்குடியில் இ-சேவை மையம் நடத்தும் முகேஷும், மதுரையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மனைவி நாகஜோதியும் முந்தின நாள் சண்டை போட்டிருந்தார்கள். "ஆன்டிவைரஸாலதான் கம்ப்யூட்டரு நகர மாட்டேங்குது. அழிச்சிருவேன்" என்றான் அவன். "ஊரு ஆதாரு முழுக்க அந்தக் கம்ப்யூட்டர்லதான இருக்கு!" என்றவள், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

காலையில் அந்த மையத்து லேப்டாப் மேல் அவள் எழுதிய சீட்டு இருந்தது.

"மதுரை பஸ்ஸுக்குப் போறேன். ரெண்டு ஆன்டிவைரஸ் ஒன்னோட ஒன்னு மல்லுக்கட்டிட்டு இருந்துச்சு. பழசை எடுத்துட்டேன். மிச்சத்தை அழிச்சிராதீக. டப்பாவுல கருவாட்டுக் குழம்புச் சோறு."

அடியில் நெருக்கி எழுதியிருந்தாள்: "முழு ஸ்கேன் ஒன்னரைக்கு ஓடும். அப்ப மெதுவாத்தான் போகும். நீங்களும் எந்திரிச்சுச் சாப்பிடுங்க."

அன்று கம்ப்யூட்டர் பறந்தது. ஒன்றரைக்கு டப்பாவைத் திறந்துகொண்டே முகேஷ் போன் போட்டான்.

"சாப்பிடுறேன் ஜோதி. நீ சாப்ட்டியா?"

பதிலுக்கு முன் அவள் சிரிப்பு வந்தது.