டெலஸ்கோப்புக்கு ஒரு கேஸ் ஷீட்

சிஸ்டர்,

நேற்று மத்தியானம் உன் டெலஸ்கோப் பையின் ஜிப்பை இழுத்ததும் முதலில் வந்தது ஸ்பிரிட் வாசனைதான். நான்கு மாதமாக என் பீரோ மேல் கிடந்த பை. ஐப்பசி மழை முழுக்க மூடியே இருந்தது. அப்படியும் வாசனை போகவில்லை. ஒவ்வொருவரும் கண் வைத்துப் பார்த்து நகர்ந்ததும் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு விளிம்பைத் துடைப்பாயே, அந்த வாசனை. "மெட்ராஸ் ஐ ஒருத்தருக்கு வந்தா போதும் மாமி, பில்டிங்கே கண்ணு செவந்துகினு சுத்தும்" என்பாய். எனக்கும் உனக்கும் ஒரே வயது. ஆனாலும் முதல் நாளிலிருந்து என்னை மாமி என்றே கூப்பிட்டாய். வேண்டுமென்றே செய்தாய் என்பது எனக்குத் தெரியும்.

உன்னை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் சொன்னோம். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, சாந்தோம் வீட்டை அண்ணன் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மந்தைவெளியில் எங்கள் பில்டிங்கின் இரண்டாவது மாடிக்கு நீ வந்தாய். கூடவே அந்தப் பையும் வந்தது. உன் அண்ணன் பையன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, "இது கம்ப்யூட்டர் வச்சது அத்தை, பட்டனை அழுத்தினா தானே போய்க் காட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிட்டானாம். தானே போய்க் காட்டும்! அந்தப் பையன் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை என்று அப்புறம்தான் நமக்குத் தெரிந்தது.

தானே எதுவும் காட்டாது, அது எங்கே நிற்கிறது என்பதை முதலில் அதற்குச் சொல்லித்தர வேண்டும் என்று புத்தகத்தைப் படித்துக் கண்டுபிடித்தது நீ. எந்த ஊர், என்ன தேதி, எத்தனை மணி என்று ரிமோட் மாதிரி இருக்கிற கைப்பெட்டியில் தட்ட வேண்டும். பிறகு இரண்டு நட்சத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வட்டத்தின் நடுவில் கொண்டுவந்து, "இதுதான் அது" என்று அறிமுகம் செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் அதற்கு வானம் பிடிபடும். நானாக இருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடியிருப்பேன். நீ அதை ஒரு புது பேஷண்ட் மாதிரி வார்டில் சேர்த்துக்கொண்டாய்.

நிஜமாகவே சேர்த்துக்கொண்டாய். கிளிப் வைத்த அட்டையில் கேஸ் ஷீட் ஒன்று தயார் செய்தாய். தேதி, மணி, பாட்டரி, மட்டம், முதல் நட்சத்திரம், இரண்டாவது நட்சத்திரம். கீழே இரண்டு கட்டம்: ஒப்படைப்பவர், பெறுபவர். "நம்ம ரெண்டு பேர்தானேடி, யாருக்கு யார் ஒப்படைக்கிறது?" என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "வாயால சொல்றது காத்தோட பூடும் மாமி. எழுதித்தான் குடுக்கணும். அடுத்தவ கையெழுத்து போடாத நான் ஒரு நாளும் வார்டை வுட்டு நவுந்ததில்ல" என்றாய்.

கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து உன் பால்கனியில் முக்காலியை மட்டம் பார்த்தாய். குமிழி நடுவில் நிற்காமல் மேலே எதையும் மாட்டவிட மாட்டாய். குறிபார்க்கும் சின்னக் குழாயைப் பகலிலேயே சரிசெய்ய வேண்டும், அதற்குத் தூரத்தில் ஆடாமல் நிற்கிற ஏதாவது ஒன்று வேண்டும் என்றாய். நான் கோபுரக் கலசம் என்றேன், நீ சர்ச் உச்சி என்றாய். கால் மணி நேரம் நடந்த அந்தச் சண்டையில் கடைசியில் ஜெயித்தது செல்போன் டவர்.

நட்சத்திரப் பெயர்தான் உனக்குத் தகராறு. பெட்டியில் வருகிற பெயர் எதுவும் உன் வாயில் நிற்கவில்லை. எனக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, ஆனால் பஞ்சாங்கம் தெரியும். புத்தகத்தில் இருந்த வானப் படத்தை வைத்துப் பார்த்து, இது திருவாதிரை, இது ரோகிணி, அதோ கிழக்கே வருவது மகம் என்று சொன்னேன். அவ்வளவுதான், மறுநாள் காலை நீ பேனாவும் அட்டையுமாகப் படியேறி இறங்கினாய். ப்ளட் குரூப் கேட்பது மாதிரி வீடு வீடாக, "உங்க நட்சத்திரம் இன்னா சார்?" வாட்ச்மேன் திருவாதிரை, நான் ரோகிணி, செகரெட்டரி சார் மகம், முதல் மாடி டியூஷன் மிஸ் சித்திரை. அதற்கப்புறம் நீ ஒரு பெயரையும் மறக்கவில்லை. "மாமி, இன்னிக்கு உன்னையும் வாட்ச்மேனையும் சேத்து வெக்க முடியாது. ரொம்பப் பக்கத்துல கீறீங்க. ரெண்டும் தள்ளித் தள்ளி இருந்தாத்தான் மிஷினுக்குப் புரியும்" என்பாய். இவ்வளவு எளிதாக யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

செகரெட்டரி சார் மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருந்த காலம் அது. துணி காயப்போடுவதில் சண்டை, யாரோ வந்து சிகரெட் பிடிக்கிறார்கள் என்று புகார். நீ கேட்டது மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஒரு தடவை காட்டுங்கள், உருப்படியாக இருந்தால் சாவி தருகிறேன் என்றார் அவர். போன வருஷம் பிப்ரவரி எட்டாம் தேதி, ஏழு மணி. பில்டிங் மொத்தமும் மாடியில் நின்றது.

பெட்டி காட்டிய பட்டியலில் கேட்டை இருந்தது, சுவாதி இருந்தது. தலைக்கு மேல் ஜொலித்துக்கொண்டிருந்த திருவாதிரையைக் காணோம். சுவாதியை அழுத்தினாய். டெலஸ்கோப் சர்ரென்று கம்பீரமாகத் திரும்பி, எதிர் பில்டிங்கில் காய்ந்த லுங்கியைப் பார்த்து நின்றது. பின்னால் சிரிப்பு. செகரெட்டரி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்தான் பதறிப்போய், "மிஷின்ல ஏதோ கோளாறு போல இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "மிஷின் மேல பழி போடாத மாமி. ஆள் ஒருத்தரு, கேஸ் ஷீட்டு வேற ஒருத்தருதா கீது." முதல் வரியிலிருந்து விரல் வைத்து வந்தாய். ஊர் சரி, மணி சரி. தேதியில் விரல் நின்றது. அந்தப் பெட்டி மாதத்தை முதலில் கேட்கிற ஜாதி. நாமோ பிறந்ததிலிருந்து நாளை முதலில் எழுதுகிறவர்கள். எட்டு, இரண்டு என்று நீ தட்டியதை அது ஆகஸ்ட் இரண்டாம் தேதி என்று எடுத்துக்கொண்டு, பாவம், ஆடி மாத வானத்தைத் தையில் தேடிக்கொண்டிருந்தது.

நீ நிமிர்ந்து எல்லோரையும் பார்த்து, "தப்பு என்னுது. தேதி மாத்திப் போட்டுட்டேன். பத்து நிமிஷம் குடுங்க" என்றாய். அதோடு விடாமல், அட்டையில் சிவப்பு மையால் அந்தத் தப்பை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாய். அத்தனை பேர் முன்னால்! நான் இருபத்தெட்டு வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவள். அங்கே தப்பு நடக்கும், ஆனால் செய்தவர் என்று ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். அன்றைக்கு உன்மேல் வந்த மரியாதை இன்றுவரை ஒரு பிடி குறையவில்லை.

ஒன்பதாவது நிமிஷம் வியாழன் வட்டத்துக்குள் இருந்தது, பக்கத்தில் நாலு நிலாப் புள்ளிகளோடு. செகரெட்டரி சார் குனிந்தவர் நிமிரவே இல்லை. "இதுவா குரு? எனக்கு எட்டுல இருக்கார்னு ஜோசியர் பயமுறுத்திண்டே இருக்காரே" என்றார். நீ பஞ்சும் கையுமாக, "பாருங்க சார், எவ்ளோ சாந்தமா கீறாரு" என்றாய். சாவி அன்றைக்கே உன் கைக்கு வந்தது.

அப்புறம் ஒருநாள் நான்தான் கேட்டேன். பில்டிங்கில் எல்லோருக்கும் நட்சத்திரம் எழுதி வைத்திருக்கிறாய், உனக்கு?

"எங்க வூட்ல அதெல்லாம் யாரு எழுதி வெச்சா?"

"பொறந்த தேதியும் நேரமும் சொல்லு, பஞ்சாங்கத்தைப் பாத்து நான் சொல்றேன்."

"வேணாம் வுடு. இருக்கறதுல யாருமே எடுக்காத ஒண்ணு குடு, போதும்."

தெற்கே, அடையாறு பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தனியாக நின்ற வெள்ளை நட்சத்திரத்தைக் காட்டினேன். அகத்தியர். பிரகாசத்தில் இரண்டாவது, ஆனால் இருபத்தேழில் சேராதது, யாருக்கும் ஜாதகத்தில் வராதது. நீ ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. எனக்கே இருக்கட்டும்" என்றாய். அட்டையின் பின்பக்கம் எழுதியும் கொண்டாய்.

புரட்டாசியில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நீ நின்ற வார்டு மாதிரி ஒரு வார்டில் உன்னைப் படுக்க வைத்துவிட்டார்களே என்றுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. நீயோ டியூட்டி நர்ஸ் ஷீட்டில் ஏதோ விட்டுவிட்டாள் என்று அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். என்னிடம், "பையில சீட்டு வெச்சுக்கீறேன் மாமி. படிச்சுட்டு கையெழுத்து போடு" என்றாய். நான், "உன் வேலையை நீயே வந்து பாத்துக்கோ, என்னால ஆகாது" என்று கத்திவிட்டு வந்தேன். அந்த வாரமே நீ போய்விட்டாய். பையைக் கொண்டுவந்து என் பீரோ மேல் வைத்தேன், திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் நீ வார்டை விட்டுப் போனது உறுதியாகிவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான் காரணம்.

போன வாரம் செகரெட்டரி சார் வாட்ஸப் குழுவில் எழுதினார். சிஸ்டர் இல்லை, இனி டெலஸ்கோப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மாடியைப் பழையபடி பூட்டிவிடலாம் என்று. நியாயமான மனிதர்தான், நியாயமாகத்தான் எழுதினார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்து, "வரும் சனிக்கிழமை நடக்கும், எல்லாரும் வாங்கோ" என்று தட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளில் நான் டார்ச் பிடித்திருக்கிறேன், வாய் பேசியிருக்கிறேன், அந்தப் பெட்டியில் ஒரு பட்டனைத் தொட்டதில்லை. நான் சொதப்பினால் மாடியும் போகும், உன் சனிக்கிழமையும் போகும்.

அதனால்தான் நேற்றுப் பையைத் திறந்தேன். சீட்டு மேலேயே இருந்தது. நீ பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாய். "மட்டம் பாரு. மாசம் மொதல்ல, நாள் அப்பறம், மறக்காத. நட்சத்திரத்தை நடுவுல கொண்டாறப்போ கடைசியா மேல் பட்டன், வலது பட்டன் மட்டும் தட்டு. இல்லாட்டி பல்சக்கரம் ஆடும்." அடியில் பன்னிரண்டு மாதத்துக்கும் இரண்டிரண்டு பெயர். பிப்ரவரிக்கு நேரே: "மொதல்ல வாட்ச்மேன். ரெண்டாவது நான். என்னைத் தேடிகினு நிக்காத. ரெண்டாவதுக்கு மிஷின் தானே திரும்பும்."

அதைப் படித்ததும் ஹாலில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். வெட்கமாக இல்லை, எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு எல்லோரும் மாடியில் இருந்தார்கள். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. மாசம் முதலில், நாள் அப்புறம். திருவாதிரையை நடுவில் கொண்டுவந்து அழுத்தினேன். வாட்ச்மேன் பின்னாலிருந்து, "நம்மாளு வந்துட்டாரா மாமி?" என்றார். வந்துவிட்டார் என்றேன். இரண்டாவதாக உன்னைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். டெலஸ்கோப் கிழக்கு உச்சியிலிருந்து மெதுவாகத் தெற்கே திரும்பியது. லுங்கியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நின்றது. கண் வைத்தேன். வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக நீ. மேலே ஒரு தட்டு, வலதில் இரண்டு தட்டு. நடுவில் வந்தாய். அழுத்தினேன், பெட்டி சரி என்றது.

வியாழனைக் கேட்டேன், காட்டியது. நாலு நிலா. ஒவ்வொருவர் பார்த்ததும் பஞ்சால் துடைத்தேன். செகரெட்டரி சார் பார்த்துவிட்டு, "எட்டுலேர்ந்து நகந்துட்டார் மாமி" என்றார். பிறகு, நீ போனபின் அவரிடமே திரும்பியிருந்த சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்து, "உங்காத்துலயே இருக்கட்டும்" என்றார்.

எல்லோரும் இறங்கிய பிறகு, படிக்கட்டு விளக்கடியில் சீட்டை வைத்தேன். ஒப்படைப்பவர் கட்டத்தில் உன் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் என் பெயரை எழுதி, மணி போட்டு, தேதியை நம் வழக்கப்படி நாளை முதலில் வைத்து எழுதினேன்.

டியூட்டியை வாங்கிண்டேன், சிஸ்டர். நீ போயிட்டு வா.