அம்மாவுக்கு ரோமிங் போட்டேன், நைனா

நைனா,

உன் போன் உறையில் இன்னும் டீசல் வாசனை இருக்கிறது. போர்வைக்குள் முகத்தருகே வைத்தால் மூக்கில் ஏறுகிறது. வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு இதில்தான் உனக்கு எழுதுகிறேன். பக்கத்தில் அத்தை படுத்திருக்கிறாள். ராத்திரியில் பிள்ளைகள் கையில் போன் இருக்கக் கூடாது என்பது இந்த வீட்டில் மாமா போட்ட சட்டம். அவர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்மாவின் விமானம் இந்நேரம் குவைத்தில் இறங்கியிருக்கும். 'இறங்கிட்டியாமா?' என்று கேட்டிருந்தேன். அதன் பக்கத்தில் ஒற்றை டிக்தான் நிற்கிறது.

நீ போன பிறகு உன் லோடு வண்டியை விற்றோம். அம்மா கொஞ்ச நாள் பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறி லுங்கி மடிக்கும் வேலைக்குப் போனாள். அது போதவில்லை. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை என்று நகரியிலிருந்து ஓர் ஏஜெண்டு வந்தார். என்னை இங்கே திருத்தணியில் உன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு அம்மா கிளம்பிவிட்டாள். ஏஜெண்டு கிளம்பும்போது ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "எறங்கின ஒடனே வாட்ஸ்அப்ல கூப்புடும்மா. நீ கூப்ட்டாதான் அங்க கீற நம்ம ஆளு வருவாரு. கூப்புடலன்னா அவ்ளோ பெரிய ஏர்போர்ட்ல உன்ன எங்கன்னு தேடுவாரு?"

அந்த ஊர் சிம் வாங்க அந்த ஊர் அட்டை வேண்டுமாம். அது கைக்கு வர நாளாகும். அதுவரை நம் சிம்தான். அதனால் அம்மாவின் போனில் வெளிநாட்டு ரோமிங் பேக் போட்டது நான். செட்டிங்ஸில் ரோமிங் பட்டனை ஆன் செய்ததும் நான். அதை அமுக்கும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன் நைனா. ஏன் என்று உனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை வந்தால் என்னை வண்டியில் உன் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொள்வாய். பின்னால் லுங்கிக் கட்டுகள். நகரி, சில நாள் புத்தூர். அப்போது நான் மூன்றாவது படித்தேன். ஆந்திரா செக்போஸ்ட் நெருங்கியதும் போனை என் மடியில் போடுவாய்.

"கண்ணு, ஆர் வந்துச்சா பாரு."

"வரல நைனா."

"நல்லா பாரு. டவர் பக்கத்துல சின்னதா வரும். வந்தா ஒடனே அமுக்கிடு. எவனோ போன் பண்ணுவான், நம்ம காசு இல்ல போவும்?"

ரோமிங் என்பதன் அந்த இங்கிலீஷ் எழுத்து வந்ததும் நான் கத்துவேன். நீ சிரிப்பாய். போனை அணைத்துத் திருப்பித் தருவேன். திரும்பி வரும்போது எல்லை தாண்டிய பிறகுதான் அதற்கு உயிர் வரும்.

எல்லையில் இருக்கும் நம் வீட்டிலேயும் அதே கதைதானே. முன் வாசலில் தமிழ்நாட்டு டவர். கொல்லைப்பக்கம் போனால் தெலுங்கில் வரவேற்பு மெசேஜ் வந்துவிடும். அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். "கொல்லிக்கி போன எடுத்துகினு போவாத, ஆந்திரா புடிச்சிக்கும்!"

பக்கத்து வீட்டுச் சித்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள். "ஏன்க்கா, ஆந்திரா இன்னா பேயா, புடிச்சிக்கறதுக்கு?"

"பேயின்னா வேப்பிலையில போயிடும். இது காச துன்னுட்டுதான் போவும்."

அப்புறம் அந்தக் காசு பிடிப்பதெல்லாம் நின்றுவிட்டது. ரீசார்ஜ் கடை அண்ணன் உன்னிடம் எத்தனை தடவை சொன்னார்! "இந்தியா பூரா ஒண்ணுதாண்ணா இப்போ. எங்க வேணா பேசிகினு போங்க." நீ நம்பவில்லை. "இன்னிக்கி இல்லம்பான். நாளைக்கி மெசேஜ் வரும்" என்றாய். செக்போஸ்ட் வந்தால் உன் கை தானாகப் போனுக்குப் போகும். நான் பெரியவளாகி, பாவாடை தாவணியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டாம் நைனா என்று சொன்னபோதும் அணைத்துத்தான் வைத்தாய்.

புத்தூரில் லோடு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்த அன்றைக்கும் போன் அணைந்துதான் இருந்தது. சார்ஜ் தீர்ந்த போன் என்று அங்கிருந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். யாருக்குச் சொல்வது என்றும் தெரியவில்லை. வண்டிக் கதவில் எழுதியிருந்த பழைய ஓனரின் நம்பரைப் பிடித்து, அவர் வழியாக எங்களுக்குச் செய்தி வந்தபோது பொழுதும் போய்விட்டது, நீயும் போய்விட்டாய். அதற்குள் அம்மா உன்னை எத்தனையோ தடவை கூப்பிட்டிருந்தாள். 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வந்த ஒவ்வொரு தடவையும் அவள் கவலைப்படவில்லை. "ஆந்திராவுல கீறாரு" என்று சொல்லிவிட்டுச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை சொல்லக்கூடத் தெம்பு இல்லை. காலையிலிருந்து அழாமல் இருந்ததில் உடம்பு முழுக்க வலிக்கிறது.

நேற்று அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன். "அங்க எறங்கினா ஆர் வரும்மா. வந்தா பயப்படாத. வந்தாதான் நெட்டு."

"உங்க நைனா ஒரு நாளும் அத ஆன்ல வுட்டதில்ல."

"இது வேறம்மா. நான் பேக் போட்டிருக்கேன்."

"ஆங், ஆங்."

அந்த ஆங்கை எனக்குத் தெரியும். காதில் வாங்காமல் சொல்கிற ஆங். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னாள். இன்னொரு முறை சொல்லிக் காட்டலாம் என்றால், இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே வருவதை எப்படிக் காட்டுவது?

எழுதிக்கொண்டிருக்கும்போதே அத்தை புரண்டு படுத்தாள். போன் என் வயிற்றுக்கு அடியில் போய்விட்டது.

"இன்னாடி, தூங்கல?"

"தூக்கம் வரல அத்த."

"உங்கம்மா போயி சேந்துடுவா. கண்ண மூடு. கார்த்தால ஸ்பெஷல் கிளாஸுன்னியே?"

"ஆங்."

கண்ணை மூடினால் கண்ணாடிக் கதவுகளும் வெள்ளை விளக்கும் தெரிகின்றன. நடுவில் கயிறு கட்டிய பெட்டியோடு அம்மா. எல்லாரும் அவளைத் தாண்டிப் போகிறார்கள். அவள் போனைப் பார்க்கிறாள். ஆர் எழுத்து. அவள் விரல் பட்டனுக்குப் போகிறது. அவளுக்குத் தமிழும் தெலுங்கும் தவிர ஒன்றும் வராது நைனா. நம்பிப் பேச ஒரு முகம் அங்கே இருக்குமா?

இதற்கு மேல் என்ன எழுதினேன் என்று தெரியவில்லை, அழித்துவிட்டேன். இப்போதுதான் இரண்டாவது டிக் விழுந்தது. உடனே அம்மாவின் குரல் மெசேஜ் வந்தது. சத்தத்தைக் குறைத்து, காதோடு அழுத்திக் கேட்டேன். பின்னால் ஏதோ அறிவிப்பு ஓடுகிறது. அம்மாவின் குரல் ரொம்பக் களைத்திருக்கிறது.

"கண்ணு, எறங்கி ரொம்ப நேரம் ஆச்சி. எறங்கின ஒடனே அந்த ஆர் வந்துச்சி. எனக்குக் கையி நிக்கல, அமுக்கிட்டேன். அப்புறம் ஒண்ணுமே வரல. உக்காந்து அழுதுகினு இருந்தேன். கடப்பா பொண்ணாம், ஒருத்தி வந்து தெலுங்குல கேட்டுச்சி. அதுதான் பட்டன போட்டுக் குட்துச்சி. அந்த ஆள்கிட்ட பேசிட்டேன், வந்துகினு கீறாராம். நீ துன்னியா?"

நான் பதில் எழுதுவதற்குள் இன்னொன்று வந்தது. சின்னது.

"அந்த ஆர் இன்னும் நின்னுகினு கீது கண்ணு. பேசி முடிச்சிட்டேன் இல்ல, அமுக்கிடட்டுமா? உங்க நைனா பாத்தா திட்டும்."

திட்டும் என்கிறாள் நைனா. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்தான் நீ இருப்பதுபோல.

'வேணாம்மா. கைய வெக்காத. அந்த ஆள் வந்து, வீட்டுக்குப் போயி சேர்ற வரைக்கும் அப்டியே இருக்கட்டும்' என்று எழுதினேன். டிக் நீலமாயிற்று. அவளுக்குப் படிக்க வரும், போனில் 'சரி' என்று கூட எழுதத் தெரியாது. கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினாள். வீட்டில் எதை அணைப்பது, எதை விடுவது என்று நீதான் சொல்வாய். இன்று அவள் என்னைக் கேட்டாள், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

பயப்படாதே என்று அவளுக்குச் சொல்ல நான் இருக்கிறேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லாததால் இத்தனையும் உனக்கு எழுதினேன்.