லாலுவும் ஒரே ஒரு குருவி வெடியும்

ஐப்பசி 1, சனி

மழை விட்டு நாலு நாள் ஆகியும் புழுக்கம். ஃபேனுக்கு அடியை விட்டு லாலு நகர மாட்டேன் என்கிறான். நாய்க்கு ஒன்பது வயது. இதயம் வீங்கியிருக்கிறதாம். பயந்து ஓடினால் தாங்காது, இந்த வருஷம் வெடிச் சத்தத்தில் அவனை விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

திங்கள் ராத்திரி இந்த ஊர்க்காரர்களுக்குக் காளி பூஜை. நம் தீபாவளியும் அன்றைக்கேதான், விடியலில்.

செய்ய வேண்டியது:
– ஸ்டோர் ரூம் காலி செய்ய. ஜன்னல் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.
– கதவிடுக்குக்குப் பழைய போர்வை.
– மாத்திரை அரை. சத்தத்துக்கு இரண்டு மணி முன்னால்.
– கழுத்துப் பட்டையில் ஃபோன் நம்பர் அழிந்துவிட்டது. புதிதாக எழுத.
– தாபஸ்!!

தாபஸ், தெரு கிளப்பின் செக்ரட்டரி. போன வருஷம் எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே சரம் சரமாக வைத்தான். லாலு இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில். இன்று பூஜைப் பந்தலுக்கே போய்ப் பிடித்தேன். கோபம் வந்தால்தான் எனக்குப் பெங்காலி சரளம். இவனுக்கு ஏதாவது ஆனால் உன் வாசலில்தான் கொண்டுவந்து கிடத்துவேன் என்றேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. சரி மாஷிமா, தெருக் கோடியில் போய் வெடிக்கிறோம் என்று ஒத்துக்கொண்டான்; இங்கே எல்லோருக்கும் நான் மாஷிமா, சித்தி. பக்கத்தில் அவன் பிள்ளை, ஆறு வயது, மத்தாப்புப் பையைக் கட்டிக்கொண்டு நின்றது.

இவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். துறைமுக ஆபீஸ் யூனியன்காரர்களிடம் என்னை அனுப்ப வேண்டுமாம்.

ஐப்பசி 2, ஞாயிறு

வெயில். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடி. ஒவ்வொன்றுக்கும் லாலு என் முகத்தைப் பார்க்கிறான், நான் வைத்த மாதிரி.

ஸ்டோர் ரூம் ரெடி. ரேடியோ வைத்தாயிற்று. உள்ளே அரை மணி இருந்து பழகினான். கெட்டிக்காரன்.

மாடி மிதாலி பௌதி (இவர்கள் பாஷையில் அண்ணி) பதினாலு கீரைப் பொரியல் கொண்டுவந்தாள், இன்று அவர்களுக்குப் பூத சதுர்த்தசி, அந்தக் கீரை தின்கிற நாள். நீங்களும் வெடிப்பீர்களா என்றாள். நாய் வைத்திருக்கிற வீட்டில் யாராவது வெடிப்பார்களா என்று கேட்டேன்.

எண்ணெய், சீயக்காய், புதுத் துணி எடுத்து வைத்தேன். மகள் பெங்களூரிலிருந்து வரவில்லை, லீவு இல்லையாம். அதிரசம் பாதிதான் நன்றாக வந்தது.

ஐப்பசி 3, திங்கள், காலை 7

லாலுவைக் காணோம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாலரைக்கு எழுந்தோம். இவருக்கு எண்ணெய் வைத்தேன். வழக்கப்படி லாலு தலையிலும் ஒரு சொட்டு. தோல் பட்டை, எண்ணெய் பட்டால் ஊறிவிடும் என்று கழற்றினேன். இவர் அவனைக் குளிப்பாட்ட பாத்ரூமுக்குக் கூட்டிப் போனார். நான் வாசலில் கோலம் போட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. பிறகு கேட்டுக்கு வெளியே ஒரே ஒரு குருவி வெடி. சாஸ்திரத்துக்கு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், எந்த ஊருக்கு மாற்றலானாலும் ஒன்று வைக்காமல் தீபாவளி விடிந்ததில்லை. மகளும் இல்லை, இதுவும் இல்லையென்றால் என்ன தீபாவளி என்று தோன்றியது.

அது சத்தம் என்றே என் மண்டையில் ஏறவில்லை. சத்தம் என்றால் காளி பூஜை, சத்தம் என்றால் தாபஸ்.

துண்டு எடுக்க இவர் பாத்ரூம் கதவைத் திறந்த அதே நேரம். ஈர நாய் என் காலைத் தாண்டிப் போனது. பட்டை இல்லை, நம்பர் இல்லை.

இவர் சொன்னது ஒரே வாக்கியம்: "ஊருக்குத்தான் உபதேசம்." சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

காலை 9.30

ஏரிப் பக்கம் முழுக்கப் பார்த்தாயிற்று. இவர் டாலிகஞ்ச் வரை போய் வந்தார். இல்லை. இனி ரயில் பாதைப் பக்கம்.

இன்னொன்று. தாபஸ் வந்தான். கைகூப்பினான். "மாஷிமா, எங்க பசங்க எவனோதான் வெச்சிருக்கான். விடிய விடியப் பந்தல்ல இருந்தானுங்க. கேட்டா எவனும் ஒத்துக்கலை." எட்டுப் பேரைத் தேட அனுப்பியிருக்கிறானாம்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தேடுவதை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். உண்மை அதுதான், வேறு சாக்கு இல்லை.

பகல் 12

கிடைத்தான். கிடைத்தான். மேம்பாலத்துக்குக் கீழே ஒரு தள்ளுவண்டிக்கு அடியில். தாபஸ் இரண்டு கையிலும் ஏந்தி நடந்தே தூக்கி வந்தான். சட்டையெல்லாம் சீயக்காய்.

ஈறு வெளுத்திருக்கிறது. மூச்சு இரைக்கிறது. டாக்டருக்கு ஃபோன்: இருட்டில் விடு, தண்ணீர் கொடு, ஈறு நீலமானால் உடனே கொண்டு வா. இன்னொரு வெடி மட்டும் கூடாது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாபஸ் முந்திக்கொண்டான். "இன்னிக்கு நம்ம தெருவில ஒருத்தனும் வெடிக்க மாட்டான். தப்பு எங்களோடது."

மென்று விழுங்கினேன்.

இரவு 8

தெரு கப்சிப். தூரத்தில் மட்டும் அதிர்கிறது. ஸ்டோர் ரூமில் லாலு, நான், ரேடியோ. நிமிஷத்துக்கு மூச்சு எண்ணுகிறேன். ஐம்பத்திரண்டு. நாற்பத்தாறு. நாற்பது.

நடுவில் தண்ணீர் எடுக்க எழுந்தபோது அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பந்தல் படியில் தாபஸின் பிள்ளை மத்தாப்புப் பையோடு உட்கார்ந்திருந்தது. அழுது முடித்த முகம். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். சீ, என்ன ஜென்மம் நான்.

ஐப்பசி 4, செவ்வாய்

ஈறு சிவப்பாகிவிட்டது. தயிர்சாதம் சாப்பிட்டான். டாக்டர் வந்து பார்த்து, பிழைத்துவிட்டான், இன்றும் மாத்திரை கொடுங்கள் என்றார்.

காலையில் மிதாலி பௌதி சொன்னாள்: கிளப்பில் ஒரு பையனைப் பிடித்து, நீதான் வைத்தாய் என்று எல்லோரும் சேர்ந்து ஏசினார்களாம். அவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டானாம்.

இதற்கு மேல் பொறுக்கவில்லை. மூன்று மணிக்குப் பந்தலுக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். நல்லது, ஒரே தடவையில் முடியும். கோபம் இல்லாததால் பெங்காலி தட்டுத் தடுமாறி வந்தது. வெடி எங்களுடையது, நான்தான் வைத்தேன், நேற்று முழுக்கத் தெரிந்தே சும்மா இருந்தேன் என்றேன்.

தாபஸ் என்னை மேலும் கீழும் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

"மொதல்ல அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க" என்றான். போய்ச் சொன்னேன். அவன் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

திரும்பி வருகிறபோது தாபஸ் கேட்டருகில் நின்றான். "இன்னிக்கு நாங்க வெடிப்போம், மாஷிமா. புள்ளைங்க ஒரு நாள் சும்மா இருந்துட்டாங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.

"ஏழரை."

ஐந்தரைக்கு அரை மாத்திரை கொடுத்தாயிற்று. இப்போது ஏழு இருபத்தைந்து. கதவைச் சாத்திக்கொண்டோம். லாலு காதைத் தூக்குகிறான்.