வெறுங்கையோடு வந்த நூல்நிலையக்காரர்

இன்று காலை நூல்நிலையத்தில் தும்மிவிட்டேன், தம்பி. அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறியது. என் தும்மல் பம்பு வீட்டு இஞ்சின் இரைச்சலோடு வளர்ந்த தும்மல். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நாற்காலியோடு குதித்தார். மன்னிப்புக் கேட்கப் போய் இரண்டாவது தும்மலை அவர் மேலேயே போட்டேன். அதே நெடி அப்போதெல்லாம் உங்கள் கோட்டிலும் அடிக்கும். வெளியே வந்த பிறகும் உங்களோடு பேசிக்கொண்டேதான் நடந்தேன்.

தண்ணீர்மலை அடிவாரத்தில் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு வீட்டில் அப்போது நான்தான் மண்டோர்; இஞ்சினும் கூலியாட்களும் என் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து நின்றீர்கள். நூல்நிலையத்து ஆள் என்றதும் எனக்குப் பக்கென்றது.

"நான் புஸ்தகம் எதுவும் எடுக்கலையே, தம்பி."

"தெரியும் மண்டோரண்ணே. ஏன் எடுக்கலைன்னு பாக்கத்தான் வந்தேன்."

உங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை. எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எங்கள் வேலையைப் பார்த்தீர்கள். இலாகா இலாகாவாகப் போய் இப்படி உட்காருவது உங்கள் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

என் பிழைப்பு அப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது. நீராவி இஞ்சினை எடுத்துவிட்டு எண்ணெய் இஞ்சின் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் ஓடும், முக்கும், நின்றுவிடும். இன்னொரு தடவை தண்ணீர் ஏறாவிட்டால் வேறு மண்டோர் என்று துரை சொல்லிவிட்டார். வீட்டில் நாலு பிள்ளைகள். உங்கள் கண்ணெதிரேயே அது நின்றது.

"பாருங்க, படிச்சவரைக் கண்டதும் மரியாதையா நிக்குது" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "இந்தச் சத்தத்தை வேற எங்கேயோ கேட்டிருக்கேண்ணே" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

மறுநாள் வந்தீர்கள். அப்போதும் புத்தகம் இல்லை. ஓர் ஆளை அழைத்து வந்தீர்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து மேஸ்திரி. அங்கேயும் இதே இஞ்சினாம். அவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, இஞ்சினைக் குளிர்விக்கும் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னண்ணே, இதுக்கு ஜுரமா? இப்படிக் குளிப்பாட்டுறீங்க!"

நான் நீராவிக்காலத்து மனுஷன். சூடு ஏறினால் வெடித்துவிடும் என்ற பயத்தில், தண்ணீர் இலாகாவில் தண்ணீருக்கா பஞ்சம் என்று தாராளமாகத் திறந்துவிட்டிருந்தேன். இதற்கோ தலை சூடாக இருந்தால்தான் எண்ணெய் பற்றும். மேஸ்திரி குழாயைப் பாதிக்குமேல் மூடினார். அன்று சாயங்காலம்வரை இஞ்சின் நிற்கவேயில்லை.

என் கண் இஞ்சின் பக்கம் போகவில்லை. எந்த இலாகாவில் எவன் எதற்குத் தவிக்கிறான், அதைத் தீர்த்தவன் எந்த மூலையில் இருக்கிறான் என்பதையெல்லாம் வெயிலில் நடந்து நடந்தே தலையில் சேர்த்துவைத்திருந்த உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு படம் போட்ட இஞ்சின் புத்தகம் ஒன்றையும் வரவழைத்தீர்கள். நாங்களும் சலவைக்கூடமும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். படம் என்றால் நானும் பண்டிதன்தான்.

இன்றும் எவனாவது வேலையில் முழித்தால், அது தெரிந்த ஆளிடம் கூட்டிப்போய் விடுகிறேன். "ஊருக்கு உழைக்கப் புறப்பட்டாச்சா?" என்று வீட்டில் கேலி.

கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை இருமிக்கொண்டே வந்தீர்கள். அடுத்த வாரம் நீங்கள் வரவில்லை, நீங்கள் இறந்துபோன சேதிதான் வந்தது. அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை இஞ்சின் ஒழுங்காக ஓடியது. உங்களிடம் சொல்ல எனக்கு எந்தக் குறையும் இல்லை.

"அப்ப துறைமுகத்துக்குப் போறேண்ணே. அங்க தேடுவாங்க லா."

"சரி தம்பி, போயிட்டு வாங்க."

எனக்கு ஒன்றும் வேண்டாம், சும்மாவாவது இன்னும் கொஞ்சம் உட்காருங்கள் என்பது வாய்வரை வந்தது.